ஜவ்வாது மலையில் சீத்தா: ஓர் உணவுக் கடன்சொல்லின் தோற்றமும் பொருள் வேறுபாடுகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஜவ்வாது மலையின் விளைபொருள்களுள் சீத்தாப்பழம் குறிப்பிடத்தக்க ஒன்றாகும். இராமாயணத் தலைவியின் பெயரோடு ஒலியொப்புமை உடைய இப்பெயர், இப்பழம் தொன்றுதொட்டு இம்மண்ணுக்கு உரியது என்னும் எண்ணத்தைத் தோற்றுவிக்கிறது. எனினும் இம்மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து கடல்வழி வந்தது என்பதே தாவரவியலாரின் பெரும்பான்மைக் கருத்தாகும். சீத்தா, ஆத்தா, அன்னமுன்னா என்னும் மூன்று பெயர்களின் ஒலிவடிவங்களை ஒப்பிட்டு, அவை தமிழுக்குள் வந்த வழிகளை இக்கட்டுரை ஆராய்கிறது. பெயரின் பழமையும் பொருளின் பழமையும் ஒன்றல்ல என்பதும், ஒரு விளைபொருளின் மீது மக்களுக்கு உள்ள மரபுரிமை அதன் தாவரவியல் தாயகத்தைச் சார்ந்ததன்று என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: ஜவ்வாது மலை, சீத்தா, ஆத்தா, அன்னமுன்னா, கடன்சொல், ஒலித்திரிபு, மலைபடுகடாம், மரபுரிமை.

முன்னுரை

ஒரு மொழி கடன்வாங்கும் சொற்களுள் உணவுப் பொருள்களின் பெயர்கள் தனித்தன்மை உடையவை. அரசு, சமயம், நீதி முதலிய துறைகளின் கடன்சொற்கள் பெரும்பாலும் எழுத்து வழியே வருகின்றன. உணவுப் பெயர்களோ சந்தையிலும் துறைமுகத்திலும் வாய்வழியே வருகின்றன. அதனால் அவை வந்த வழியை ஏடுகளைக் காட்டிலும் அவற்றின் ஒலிவடிவமே தெளிவாகக் காட்டுகிறது.

16-ஆம் நூற்றாண்டுக்குப் பின்னர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விளைபொருள்களுக்குத் தமிழர் பெயரிட்ட முறைகளை நான்காகப் பகுக்கலாம். அன்னாசி, பப்பாளி என அயற்சொல்லையே தமிழ் ஒலிக்கேற்பத் திரித்துக்கொள்வது முதலாவது. பறங்கிக்காய், சீமைப்பலா என அயன்மையைப் பெயரிலேயே குறிப்பது இரண்டாவது. இவற்றுள் சீமைப்பலா பசிபிக் தீவுகளிலிருந்து வந்ததாயினும் பெயரிடும் முறை ஒன்றே. மிளகாய் என முன்பே அறிந்த பொருளின் பெயரை விரித்து வழங்குவது மூன்றாவது. அயற்பொருளுக்கு உள்நாட்டுப் புராண மாந்தரின் பெயரைச் சூட்டுவது நான்காவது. சீத்தாப்பழம் இந்நான்காம் வகையைச் சார்ந்தது போலத் தோன்றுகிறது. ஆயின் அப்பெயர் தமிழருக்குள்ளேயே சூட்டப்பட்டதா, பிறரிடமிருந்து பெறப்பட்டதா என்பது தனியே ஆராயத்தக்கது.

ஜவ்வாது மலையும் சீத்தா மரமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை இன்றைய திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. ஜமுனாமரத்தூர் இதன் முதன்மையான ஊர். இங்கு வாழ்வோருள் பெரும்பான்மையோர் மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர். கேரள மொழியினரைக் குறிக்கும் சொல்லோடு ஒத்திருப்பினும், இவர்கள் தமிழ் பேசுவோர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே இப்பெயருக்குக் கூறப்படும் பொருள். ஓர் ஒலிவடிவம் இருவேறு பொருளைத் தரும் என்பதற்கு இம்மக்களின் பெயரே சான்றாக உள்ளது.

சாமை, புளி, தேன், பலா ஆகியவற்றோடு சீத்தாப்பழமும் இம்மலையிலிருந்து போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர், வேலூர் முதலிய சமவெளிச் சந்தைகளுக்கு இறங்குகிறது. மழைக்காலத்தை ஒட்டிய சில திங்கள்களே இதன் பருவம். தோட்டத்தில் நட்டு வளர்க்கப்படும் மரங்களோடு, எவரும் நடாமல் சரிவுகளிலும் பாறையிடுக்குகளிலும் முளைத்த மரங்களும் காய்ப்பதால், இதனைக் காட்டுப்பழம் என்றே கருதுவோர் பலர்.

மனித உதவியின்றி இம்மரம் பரவியதற்குத் தாவரவியல் காரணங்கள் உண்டு. வறண்ட, மண் ஆழமற்ற சரிவுகளிலும் இது வளரும். இதன் இலையை ஆடுமாடுகள் பெரும்பாலும் மேய்வதில்லை. இலையிலும் விதையிலும் பூச்சிகளைக் கொல்லும் வேதிப்பொருள்கள் உள்ளன. விதைத்தூள் பேன் கொல்லியாகப் பயன்படுத்தப்படுவதும், அது கண்ணில் பட்டால் கடும் புண் உண்டாவதும் பலரும் அறிந்தவை. தின்றபின் உமிழப்படும் கொட்டைகள் விழுந்த இடத்தில் முளைக்கின்றன. மேய்ச்சலுக்குத் தப்பும் மரம் ஓரிரு நூற்றாண்டுகளில் மலைச்சரிவின் இயல்பான உறுப்பாகிவிடுவது வியப்பன்று. எனவே தானாக முளைத்துக் கிடப்பது தாயகத்தைக் காட்டும் சான்றாகாது.

மலைபடுகடாம் தரும் விளைபொருள் நிரல்

இப்பகுதியின் பழைய உணவு வளத்தை அறிய ஓர் இலக்கியச் சான்று உள்ளது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னன்சேய் நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளைக் கொண்ட இந்நூலில் வரும் செங்கண்மா, ஜவ்வாது மலையை அடுத்துள்ள இன்றைய செங்கம் என்பர். நூலில் பேசப்படும் சேயாறு, ஜவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு ஆகும். ஆதலின் இந்நூல் காட்டும் மலைவளம் இம்மலைத்தொடரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தது எனக் கொள்ளலாம்.

பரிசில் பெறச் செல்லும் கூத்தர் வழியில் காணும் விளைபொருள்களைப் புலவர் நிரல்படக் கூறுகிறார். எள், தினை, அவரை, வரகு, ஐவனநெல், இஞ்சி, கவலைக்கிழங்கு, வாழை, நாவல், பலா என அந்நிரல் நீள்கிறது. விளைபொருளின் பெயர் மட்டுமன்றி, அது முற்றிய நிலையும் விளைந்த இடமும் கூறப்படுகின்றன. இத்துணை நுணுக்கமான நிரலில் சீத்தாவையோ அதனை ஒத்த செதிலுடைய பழத்தையோ சுட்டும் குறிப்பு இல்லை.

ஓர் இலக்கியத்தின் மௌனத்தை மட்டும் கொண்டு ஒரு பொருள் அக்காலத்தில் இல்லை என்று முடிவுகட்டுதல் முறையன்று. புலவர் கண்டதையெல்லாம் பாடியாக வேண்டும் என்னும் நியதி இல்லை. ஆயினும் பலாவும் வாழையும் நாவலும் சங்க நூல்கள் பலவற்றில் மீண்டும் மீண்டும் வர, அவற்றைப் போன்றே மலையில் மலிந்து இனிக்கும் இப்பழம் மட்டும் எங்கும் பெயர் பெறாமை, பிற சான்றுகளோடு சேர்த்து எண்ணத்தக்கது. அவற்றுள் முதன்மையானவை பெயர்ச் சான்றுகள்.

அமெரிக்கப் பெயர்கள்: அனோனாவும் ஆத்தாவும்

சீத்தா சார்ந்த பேரினத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை அமெரிக்க வெப்பமண்டலத்துக்கும், சில ஆப்பிரிக்காவுக்கும் உரியவை. இந்தியாவைத் தாயகமாகக் கொண்டது ஒன்றும் இல்லை. கரீபியத் தீவுகளின் தைனோ மொழியில் இப்பழவகைக்கு வழங்கிய பெயரை ஸ்பானியர் அனோன் எனக் கேட்டனர். 1535-இல் செவில் நகரில் வெளிவந்த ஒவியேதோவின் இந்தியத் தீவுகள் பற்றிய வரலாற்று நூல் இப்பழத்தை விவரிக்கிறது. ஸ்பானியத்தின் அனோன், போர்த்துக்கீசியத்தின் அனோனா ஆகிய வடிவங்கள் இவ்வாறு தோன்றியவை.

இதனோடு தொடர்பற்ற மற்றொரு பெயர் மெக்சிகோவின் நாவாட்டல் மொழியிலிருந்து வந்தது. ஸ்பானியர் வாயில் அது அகாதே, அதே எனத் திரிந்தது. பிலிப்பைன்சில் இப்பழம் அதிஸ் எனவும், பிரேசிலின் வடகிழக்கில் ஆத்தா எனவும் வழங்குகிறது. வங்காளியிலும் ஆத்தா என்பதே பெயர். 1908-இல் புளோரிடாவில் வெஸ்டர் என்னும் தாவரவியலார் இம்மரத்தைச் செரிமோயா என்னும் உறவினத்தோடு கலந்து உருவாக்கிய கலப்பினத்துக்கு அதேமோயா எனப் பெயரிட்டார்; அப்பெயரின் முற்பகுதியில் பழைய மெக்சிகோச் சொல் இன்றும் வாழ்கிறது.

இவ்விரு பெயர்களும் தென்னிந்தியக் கரைக்கு வந்துவிட்டதை உறுதிப்படுத்தும் நூல் மலபார் தாவரத் தொகுதி ஆகும். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு தொகுத்த இந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இதன் மூன்றாம் தொகுதியில் ஆத்தமரம், அனோனமரம் என்னும் இரு தலைப்புகளில் இப்பேரினத்தின் இரண்டு மரங்கள் படத்துடன் விளக்கப்பட்டுள்ளன. முன்னது இன்றைய சீத்தா. பின்னது இன்றைய இராமசீத்தா. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்குக் கரையில் இம்மரங்களுக்குத் தலைப்பாகப் பதிவான பெயர்கள் இரண்டும் அமெரிக்கச் சொற்களே. மலையாளத்தில் ஆத்தச்சக்க, முள்ளாத்த என இன்றும் வழங்கும் சொற்கள் இதன் தொடர்ச்சியாகும்.

வந்த வழி எது என்பதில் இரு கருத்துகள் உண்டு. 1500-இல் பிரேசிலைத் தொட்டுக் கோழிக்கோட்டை அடைந்த கப்ரால் காலம் முதல் போர்த்துக்கீசியர் அட்லாண்டிக் வழியே கொண்டுவந்தனர் என்பது ஒன்று. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் வழியே பசிபிக்கைக் கடந்து வந்தது என்பது மற்றொன்று. அனோனா, ஆத்தா என்னும் இருவேறு பெயர்கள் ஒரே கரையில் அருகருகே நிற்பது, இரு வழிகளும் இயங்கியிருக்கலாம் எனக் கருத இடந்தருகிறது.

யாழ்ப்பாணத் தமிழில் இப்பழத்துக்கு வழங்கும் அன்னமுன்னா என்னும் பெயர் இங்கு நோக்கத்தக்கது. போர்த்துக்கீசிய அனோனாவின் திரிபாகிய இச்சொல்லில், அன்னம் என்னும் அறிந்த சொல்லைக் கேட்டு மக்கள் வடிவை மாற்றிக்கொண்டனர் எனலாம். இத்தகைய செயலைப் பொதுமக்கள் மட்டும் செய்யவில்லை. தாவரவியலுக்கு இருபெயரிடும் முறையை வகுத்த லின்னேயசும் அனோனா என்னும் அயற்சொல்லை அன்னோனா எனத் திருத்திக்கொண்டார். ஆண்டு விளைச்சல், தானிய வழங்கல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல் அது. 1753-இல் அவர் இம்மரத்துக்குச் சூட்டிய அன்னோனா ஸ்குவாமோசா என்னும் பெயரின் பின்மொழி செதில் உடையது எனப் பொருள்படும். யாழ்ப்பாண உழவரும் சுவீடன் அறிஞரும் பொருளறியாத ஓர் ஒலியில் தத்தம் மொழியின் உணவுச் சொல்லைக் கேட்டனர் என்பது கடன்சொல் ஆய்வுக்குப் பயன்தரும் ஒப்பீடாகும்.

சீத்தா என்னும் வடிவம்: ஒலிச் சான்று

இனி, ஜவ்வாது மலை உள்ளிட்ட தமிழகத்தின் பெரும்பகுதியில் வழங்கும் சீத்தா என்னும் பெயரை நோக்கலாம். இராமாயணத் தலைவியின் பெயர் தமிழ் இலக்கிய வழக்கில் சீதை ஆகும். வடமொழியின் ஆகார இறுதிப் பெண்பாற் பெயர்கள் ஐகாரமாகத் திரிவது தமிழ் மரபு. கதா கதை எனவும், சபா சபை எனவும், பூஜா பூசை எனவும் ஆனது போலவே சீதா சீதை ஆயிற்று. தமிழர் தாமே இப்பழத்துக்கு அத்தலைவியின் பெயரைச் சூட்டியிருப்பின் அது சீதைப்பழம் என்றே அமைந்திருக்கும். அவ்வாறு அமையவில்லை.

சீத்தா என்னும் வடிவில் இரண்டு கூறுகள் கவனத்துக்கு உரியவை. முதலாவது, இறுதி ஆகாரம் திரியாமல் நிற்பது. மசாலா, பிஸ்தா போன்று பிற்காலத்தில் வாய்வழி வந்த உணவுப் பெயர்களின் இயல்பு இது. இரண்டாவது, தகரம் இரட்டித்திருப்பது. தமிழில் உயிர்களுக்கு இடையே வரும் ஒற்றைத் தகரம் மெலிந்து ஒலிக்கும். அயற்சொல்லின் வல்லோசையைக் காக்க வேண்டின் எழுத்து இரட்டிக்கும். வல்லெழுத்து ஒற்றையாக ஒலிக்கும் இந்துஸ்தானிச் சொற்கள் தமிழில் சப்பாத்தி, ரொட்டி, பரோட்டா என இரட்டித்தே வழங்குகின்றன. போர்த்துக்கீசிய பதாதா என்பது யாழ்ப்பாணத்தில் வற்றாளை ஆனதும் இம்முறையே. செவியால் கேட்டுப் பெற்ற சொல்லில் இரட்டிப்பும், ஏட்டின் வழிப் பெற்ற சொல்லில் ஐகாரத் திரிபும் அமைவதைக் காணலாம். ஒரே வடமொழிப் பெயர் காப்பிய வழியில் சீதை எனவும் சந்தை வழியில் சீத்தா எனவும் இருமுறை தமிழுக்குள் வந்துள்ளது.

அண்டை மொழிகளான தெலுங்கு, கன்னடம், மராத்தி ஆகியவற்றில் இப்பழம் சீதாபலம், சீதாபல எனப்படுகிறது. தக்காண மேட்டுநிலமே இதன் பெருவிளைநிலம். தெலங்கானாவின் பாலாநகர் பெயரால் வழங்கும் வகையும் 2016-இல் புவிசார் குறியீடு பெற்ற மகாராட்டிரத்தின் பீடு மாவட்டப் பழமும் இதற்குச் சான்றுகள். ஆந்திர எல்லையை ஒட்டிய ஜவ்வாது மலைப் பகுதிக்கு இப்பெயர் வடக்கிலிருந்து வந்திருத்தல் இயல்பு. வருகையில் முன்மொழி ஒலியளவில் கொள்ளப்பட்டது. பலம் என்னும் பின்மொழி பழம் எனப் பெயர்க்கப்பட்டது. பாதி கடனும் பாதி தமிழுமாக அமைந்த இத்தகைய சொல்லைக் கலப்புக் கடன்சொல் என்பர்.

ஆத்தா என்னும் பழைய பெயரும் இவ்வடிவுக்குத் துணைசெய்திருக்கலாம். ஆத்தா, சீத்தா என்னும் இரண்டும் எதுகையாக நிற்பவை. அன்றியும் ஆத்தா தமிழில் தாயையும் தெய்வத்தையும் குறிக்கும் சொல். பழத்துக்கு அது ஒலிமயக்கம் தருவது. மயக்கம் தராத சீத்தா பரவலாக நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

சீதம் என்னும் குளிர்ச்சிப் பொருளிலிருந்து சீத்தாப்பழம் வந்தது என விளக்குவோரும் உளர். உடலுக்குக் குளிர்ச்சி தரும் என்னும் நம்பிக்கை இவ்விளக்கத்துக்கு வலுவூட்டுகிறது. ஆயின் வடமொழியில் குளிர்ச்சிச் சொல்லும் சீதையின் பெயரும் வேறுவேறு சகரங்களில் தொடங்குபவை. அவ்வேறுபாட்டை எழுத்தில் காக்கும் தெலுங்கும் கன்னடமும் பழத்தின் பெயரைச் சீதையின் பெயருக்கு உரிய எழுத்தாலேயே எழுதுகின்றன. இரு சகரங்களையும் ஓரெழுத்தால் எழுதும் தமிழில்தான் இவ்விளக்கத்துக்கு வாய்ப்பு ஏற்படுகிறது. எனவே குளிர்ச்சி விளக்கம் சொல்லின் பிறப்பைக் காட்டுவதன்று. சொல் தமிழுக்கு வந்தபின் அதற்குக் கற்பிக்கப்பட்ட பொருளாகும்.

பேரினப் பெயராகிய சீத்தா

தெலுங்கிலும் மராத்தியிலும் சீதாபலத்தின் உறவினங்கள் இராமபலம், லட்சுமணபலம் எனத் தனித்தனிப் புராணப் பெயர்களைப் பெற்றுள்ளன. அங்குப் பழங்களின் உறவு காப்பியக் குடும்ப உறவாகக் காட்டப்படுகிறது. தமிழில் நிலை வேறு. இராமபலம் இங்கு இராமசீத்தா ஆயிற்று. லட்சுமணபலம் முள்சீத்தா ஆயிற்று.

இராமசீத்தா என்பதில் சீத்தா ஒரு பெண்ணின் பெயராக உணரப்படவில்லை. அவ்வாறு உணரப்பட்டிருப்பின் ஒரே பழம் இராமனாகவும் சீதையாகவும் இருத்தல் பொருந்தாது. முட்களை அடையாக ஏற்கும் முள்சீத்தா என்பதும் அவ்வாறே. தமிழ் பேசுவோர் செவியில் சீத்தா என்பது ஒரு பழவகையின் பொதுப்பெயர். முன்னொட்டு அதன் உட்பிரிவைக் காட்டுவது. லின்னேயசு அன்னோனா என்னும் பேரினப் பெயரால் செய்ததைத் தமிழ்ச் சந்தை சீத்தா என்னும் சொல்லால் செய்துள்ளது. காப்பியப் பொருள் நீங்கிப் பொதுப்பொருள் பெற்ற இம்மாற்றமும், இச்சொல் தமிழுக்குப் பெயராக மட்டும் வந்தது, கதையாக வரவில்லை என்பதை வலியுறுத்துகிறது. சீதையின் வனவாசத்தோடு இப்பழத்தை இணைக்கும் கதைகள் பெயரிலிருந்து பிறந்தவை எனக் கொள்வதே பொருத்தம்.

பெயரைக் கொண்டு தொன்மை காணல்

சீதாபலம், இராமபலம் என்னும் பெயர்களும் காடுகளில் தானாக வளரும் தன்மையும் சேர்ந்து, இம்மரம் இந்தியாவுக்கே உரியது என்னும் வாதத்தை 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பின. அலெக்சாண்டர் கன்னிங்காம் 1879-இல் வெளியிட்ட பார்ஹுத் தூபி பற்றிய நூலில், கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அச்சிற்பங்களில் காணப்படும் ஒரு பழத்தைச் சீத்தா என அடையாளம் கண்டார். அல்போன்சு தெ கந்தோல் தம் பயிர்த் தாவரங்களின் தோற்றம் என்னும் நூலில் அமெரிக்கத் தாயகத்தையே ஏற்றார். 1886-இல் யூலும் பர்னெலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் சொல்லகராதி இவ்விவாதத்தை விரிவாக எடுத்துரைத்து, ஆத்தா, அனோனா என்னும் பெயர்களின் அயன்மையைச் சுட்டியது.

விவாதம் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. உத்தரப்பிரதேசத்தின் தோக்வா என்னும் புதிய கற்கால இடத்தில் கிடைத்த எச்சங்கள் சீத்தாவினுடையவையாக இருக்கலாம் என 2009-இல் ரேடியோகார்பன் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. தொல்தாவரவியல் எச்சங்களை ஆராய்ந்து முடிவு கூறுதல் அத்துறையினர் பொறுப்பு. மொழிச் சான்று தெளிவாக்குவது ஒன்றே: இந்திய மொழிகளில் வழங்கும் ஆத்தா, அனோனா ஆகியவை அமெரிக்கச் சொற்கள், சீதாபலம் காப்பியப் பெயரைத் தழுவிய ஆக்கப்பெயர். ஆக்கப்பெயரை எக்காலத்திலும் ஆக்கிக்கொள்ளலாம். பழமையான பெயரைப் புதிய பொருளுக்குச் சூட்டுவதால் பொருள் பழமையாகிவிடாது.

ஒரு பெயர், பல பொருள்

பெயரைக் கொண்டு பொருளின் வரலாற்றை முடிவுசெய்வதில் உள்ள இடரை, இப்பெயர் பிற நிலங்களில் ஏற்ற பொருள்களே காட்டுகின்றன. தில்லியிலும் உத்தரப்பிரதேசத்தின் சில பகுதிகளிலும் சீதாபல் என்றால் பூசணி இனத்துக் காய். தமிழர் பறங்கிக்காய் என்னும் அதே காய் அது. அங்குச் சீத்தாப்பழத்துக்கு ஷரீபா என்று பெயர். மேன்மை என்னும் பொருளுடைய அரபுச் சொல்லோடு தொடர்புடையது அது.

இவ்வொப்பீடு கூர்ந்து நோக்கத்தக்கது. பறங்கிக்காயும் சீத்தாவும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அவற்றுள் ஒன்றைத் தமிழர் பறங்கியர் பெயரால் அயலதென்று அடையாளம் இட்டனர்; தில்லியினர் அதையே சீதையின் பெயரால் தமதாக்கினர். ஒரு பொருள் ஓரிடத்தில் அயன்மைப் பெயரும் மற்றோரிடத்தில் புனிதப் பெயரும் பெறுமாயின், அப்பெயர்கள் பொருளின் பிறப்பைப் பற்றிக் கூறுவன அல்ல. பெயரிட்டோர் அதனை ஏற்றுக்கொண்ட பாங்கைப் பற்றிக் கூறுவன.

தென்கிழக்காசியாவிலும் இவ்வகை வேறுபாடு உண்டு. மலாய் மொழியில் அனோனா முதலெழுத்தை இழந்து நோனா ஆயிற்று. நோனா என்றால் இளம்பெண் என்றும் பொருள். சிறீகாயா என்னும் மற்றொரு பெயர் இந்தோனேசியாவில் சீத்தாப்பழத்தையும், தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் களியையும் குறிக்கிறது. ஆங்கிலத்தில் பாலும் முட்டையும் சேர்ந்த களியாகிய கஸ்டர்டின் பெயர் இப்பழத்துக்கு வழங்குவதும் இதனை ஒத்தது. அந்த ஆங்கிலப் பெயரும் நிலையானதன்று; இந்தியாவில் சீத்தாவையும், மேற்கிந்தியத் தீவுகளில் இராமசீத்தாவையும், ஆஸ்திரேலியாவில் செரிமோயா, அதேமோயா ஆகியவற்றையும் அது சுட்டுகிறது. ஆதலின் பழைய பயணக் குறிப்புகளிலும் ஆவணங்களிலும் இப்பெயர்களுள் ஒன்றைக் காணும் ஆய்வாளர், அது எழுதப்பட்ட இடத்தையும் காலத்தையும் அறியாமல் இன்ன பழம் என்று முடிவுசெய்தல் இயலாது.

கடன்பொருளும் மரபுரிமையும்

சீத்தா அயலகத்திலிருந்து வந்தது என்னும் முடிவு, அதனை நம்பி வாழும் மலைமக்களின் உரிமையைக் குறைக்குமா என்னும் வினா எழலாம். ஒரு பொருள் மண்ணுக்கு உரியது என நிறுவினால்தான் அதன்மீது மரபுரிமை கோரலாம் என்னும் எண்ணமே, வலிந்து தொன்மை காணும் முயற்சிகளுக்கு ஊற்றாக அமைகிறது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவ்வெண்ணத்துக்கு இடந்தரவில்லை. அச்சட்டத்தின் 3(1)(இ) பிரிவு, மரபாகத் திரட்டப்பட்டு வந்த சிறுவன விளைபொருள்களின்மீது வனவாழ் மக்களுக்கு உடைமையும், திரட்டவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமையும் வழங்குகிறது. தாவரம் எந்நாட்டுக்கு உரியது என அது வினவவில்லை. மரபாகத் திரட்டினரா என்பதையே வினவுகிறது. பட்டியல் பழங்குடியினர் அல்லாத பிற பாரம்பரிய வனவாசிகளுக்கு அச்சட்டம் வகுத்த கால அளவு, 2005 டிசம்பர் 13-க்கு முற்பட்ட மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள். பழங்குடியினருக்கு அந்த மூன்று தலைமுறை நிபந்தனையும் இல்லை. மரபு என்பதைச் சட்டம் தலைமுறைகளால் அளக்கிறது, ஊழிகளால் அளக்கவில்லை.

இதே நோக்கு மொழிக்கும் பொருந்தும். மிளகாய் இன்றித் தமிழர் சமையலை இன்று எண்ணவியலாது. அது வந்தது போர்த்துக்கீசியர் காலத்தில்தான். அதனால் தமிழர் குழம்பு அயலாருடையதாகிவிடவில்லை. சீத்தா பழுக்கும் பருவத்தை அறிதல், கண் விரிந்த காயைத் தேர்ந்து பறித்தல், கனியுமுன் மலையிறக்கிச் சந்தை சேர்த்தல் ஆகிய அறிவு ஜவ்வாது மலைமக்களுடையது. அவ்வறிவு கரீபியத் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்ததன்று. இம்மலையிலேயே தலைமுறைகள் தோறும் ஈட்டப்பட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. தமிழில் வழங்கும் அன்னமுன்னா தைனோ மொழிச் சொல்லையும், ஆத்தா நாவாட்டல் மொழிச் சொல்லையும் மூலமாகக் கொண்டவை. இவ்விரு பெயர்களின் உறவுடைய வடிவங்கள் 17-ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் பதிவாகியுள்ளன.

2. சீத்தா என்னும் வடிவின் ஆகார இறுதியும் தகர இரட்டிப்பும், அது காப்பியத் தலைவியின் பெயரிலிருந்து தமிழில் ஆக்கப்பட்டதன்று, அண்டை மொழிகளிலிருந்து செவிவழி வந்தது என்பதைக் காட்டுகின்றன. குளிர்ச்சிப் பொருள் பின்னர்க் கற்பிக்கப்பட்டது.

3. இராமசீத்தா, முள்சீத்தா என்னும் ஆக்கங்களால் சீத்தா தமிழில் பேரினப் பெயராகியமை தெளிவாகிறது. அண்டை மொழிகளில் காணப்படாத இப்பொருள் விரிவு தமிழின் தனி வளர்ச்சி.

4. சீதாபல் வடக்கே பறங்கிக்காயைக் குறிப்பது போன்ற பொருள் வேறுபாடுகள், பெயர் ஒன்றையே கொண்டு ஒரு விளைபொருளின் தாயகத்தையோ தொன்மையையோ நிறுவுதல் பிழைபடும் என்பதை உணர்த்துகின்றன.

5. ஒரு விளைபொருள் கடனாக வந்தது என்பது அதன்மீதுள்ள மரபுரிமைக்குத் தடையன்று. மரபு, பயன்பாட்டின் தொடர்ச்சியால் அமைவது.

அன்னாசி, பப்பாளி, கொய்யா முதலிய பிற பழப்பெயர்களையும், அவை ஏட்டின் வழி வந்தனவா செவியின் வழி வந்தனவா என்னும் நோக்கில் ஒலிவடிவச் சான்றுகொண்டு ஆராய்ந்தால், கடந்த ஐந்து நூற்றாண்டுகளில் தமிழர் உணவு மாறிய வரலாற்றை மேலும் தெளிவாக வரையறுக்கலாம்.